சம்மந்தி வீட்டு மீனுக்கு ஒரு லைட்டு

காலைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வைங்க தம்பி, கேனு மேல பட்டுறாம. பயப்படாதீங்க, உள்ள ஆசிட்டும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல. கடல்தண்ணி. தூத்துக்குடியில மோந்து மதுரைக்குக் கொண்டுபோறேன், ரெண்டு கேனு. கண்டக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவருக்கு நான் பழக்கம். மொத தடவ ஏறுறப்ப, "ஏன்யா, மதுரையில உப்புக்குப் பஞ்சம் வந்துருச்சா?"ன்னு கேட்டாரு. இன்னிக்கு ஒம்பதாவது தடவ. இப்பல்லாம் நான் படியில கால வைக்கும்போதே, "கடலு ஏறிருச்சு, ரைட் ரைட்"டுங்குறாரு.

நீங்க மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு. ஹெட்செட் மாட்டுறதுன்னா மாட்டிக்கங்க, ஆனா ஒரு காதுல மட்டும் மாட்டுங்க. இந்தக் காதுல நான் பேசுறேன்.

எம்பேரு சோணைமுத்து. திருவிழாவுக்கு சீரியல் செட்டுப் போடுற தொழிலு, முப்பத்திரெண்டு வருசமா. பந்தலுக்கு முன்னால நாப்பதடி உசரத்துல அம்மன் நின்னு, கையில இருந்து பூவு கொட்டிக்கிட்டே இருக்கும்ல, பல்பு ஓடி ஓடி? எங்க பக்கம் நீங்க அதப் பாத்திருந்தா அது நம்ம வேலைதான். எந்தச் சாமியா இருந்தாலும் எங்கிட்ட வந்துதான் எரியணும். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், உங்ககிட்ட என்ன.

எனக்கு ஒரே பொண்ணு, தீபலட்சுமி. டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடிச்சுட்டு, இன்வெர்ட்டர் ரிப்பேர் பாக்குற கம்பெனியில இருக்கு. அதுக்கு ஒரு எடம் வந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா தனுஷ்கோடி, கூட்டுறவு பேங்குல மேனேசரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சொந்த ஊரு தூத்துக்குடி, இப்ப குடியிருக்குறது எங்கள மாதிரி மதுரையில. அவருக்கும் சம்சாரம் தவறிருச்சு, எனக்கும் தவறிருச்சு. பொருத்தம் அங்கயே ஆரம்பிச்சுருச்சு பாத்தீங்களா? பையன் முகிலன் வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை. பொண்ணப் பாத்தாங்க, கேசரி சாப்புட்டாங்க, பிடிச்சிருக்குன்னாங்க. நாங்க பதிலுக்கு வீடு பாக்கப் போனோம்.

போனா, ஹால்ல பாதிய அடைச்சு ஒரு மீன்தொட்டி. நானூறு லிட்டரு. நல்லதண்ணி மீனு இல்ல தம்பி, கடல் மீனு. உள்ள பவளப்பாறை வேற. அதுக்கு உசிரு இருக்காம். நீல வெளிச்சத்தத்தான் அது சாப்புடுமாம். நான் ஒண்ணும் சொல்லல. சம்மந்தி வீட்டுல யாரு எதச் சாப்புட்டா நமக்கென்ன?

அந்தத் தொட்டிக்கு மேல இருந்த வெளிநாட்டு லைட்டு செத்துப் போச்சு. ரிப்பேருக்குக் கப்பல்ல அனுப்பணுமாம். சம்சாரம் தவறுனத ஒத்த வரியில சொன்ன மனுசன், லைட்டு தவறுனத ஒருமணி நேரம் சொன்னாரு தம்பி. கண்ணெல்லாம் கலங்கிருச்சு. எனக்குப் பொறுக்கல. நாக்குல சனி உக்காந்திருந்துச்சோ என்னமோ, "இதுக்குப் போயி வெளிநாடா சம்மந்தி? நான் செஞ்சு தாரேன்"னுட்டேன்.

"செஞ்சுருவீங்களா?"ன்னாரு.

"கோபுரத்தையே எரிய விட்டவன் நானு"ன்னேன்.

"அப்படியா? அந்த லைட்டு எரியட்டும், மறுநாளே தேதி குறிச்சுருவோம்"னாரு. நாலு பேரு முன்னாடி சொன்ன வார்த்தை. ஆக, லைட்டு எரிஞ்சா கல்யாணம். அம்புட்டுத்தான் விசயம்.

வேலைய ஆரம்பிச்சேன். முப்பத்திரெண்டு வருசத்துல நீலத்த நான் சாமி உடம்புக்குத்தான் போட்டிருக்கேன். மீனுக்குப் போட மனசு ஒப்பல. அதனால மொத மாடல்ல பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் கலந்து, நம்ம பாணியில ஓட விட்டேன். தொட்டிக்கு இந்த முனையில ஆரம்பிச்சு அந்த முனைக்கு ஓடி, நடுவுல தாமரை விரிஞ்சு, "நல்வரவு"ன்னு விழும். அப்படி ஒரு அழகு! மீனு ரெண்டும் அது பின்னாலயே ஓடுச்சு. அரைமணி நேரத்துல தலைகீழா மிதந்துச்சு. சாகலங்க, கிறுகிறுப்பு. சம்மந்தி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. "சோணைமுத்து, ஓடக்கூடாதுய்யா, நின்னு எரியணும்"னாரு. நின்னு எரியிறதுக்கு நான் எதுக்கு? டியூப்லைட்டு போதுமே? ஆனாலும் சரின்னேன்.

ரெண்டாவது மாடல்ல எம்பொண்ணு, பாப்பாவும் கூடமாட ஒத்தாசை பண்ணுச்சு. எத்தனை நீலம், எத்தனை வெள்ளை, எம்புட்டுக் கரண்டுன்னு கணக்குப் போட்டுச்சு. பழைய ஆம்ப்ளிஃபயருக்குள்ள சீப்பு மாதிரி பல்லு பல்லா ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், சூட்ட இழுத்துக்கும். அத எங்கிருந்தோ புடிச்சாந்துச்சு. அதுல பல்ப வரிசையா ஒட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் மேல குட்டியா ஒரு லென்ஸ மாட்டுச்சு, ஈயத்த உருக்கி வயரப் பத்தவச்சுச்சு, சூடு தணிய ரெண்டு ஃபேனு வச்சுச்சு. கடல்தண்ணிக் காத்து பட்டா வயரு துருப்புடிக்குமுன்னு ஒவ்வொரு முனைக்கும் ஏதோ பசை தடவுச்சு. நாலு நெட்டு மட்டும் நான் முடுக்குனேன். வேலை நம்மளதுதான், அது சும்மா ஒத்தாசை.

மொத்தம் நாப்பத்தெட்டு பல்பு. ஒரு மண்டலக் கணக்கு! யாரும் திட்டம் போடல தம்பி, தானா அமைஞ்சுச்சு. வீட்டுல வச்சு எரிய விட்டோம். அடேங்கப்பா, சுவரெல்லாம் நீலமாகி, எதுத்த வீட்டுக்காரரு வெல்டிங்கா நடக்குதுன்னு கேட்டாரு.

மறுநாள் நல்ல நேரம் பாத்து சம்மந்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதுச் சாமான மொட்டையா மாட்டலாமா? ஆயுத பூசைக்கு நம்ம ஸ்குரூ டிரைவருக்கே பொட்டு வைக்கிறோம். சந்தனத்தக் கெட்டியாக் குழைச்சு, நாப்பத்தெட்டு லென்ஸுக்கும் ஒவ்வொரு பொட்டு, அதுக்கு மேல குங்குமம். நான் முந்தின நாளே சந்தனக் கட்டைய எடுக்குறப்பவே பாப்பா சொல்லுச்சு, "அப்பா, பெட்டிக்கு வைங்க, லென்ஸுக்கு வைக்காதீங்க. வெளிச்சம் எப்புடி வரும்?"னு. "பொட்டு வச்சா மூஞ்சிக்கே வெளிச்சம் வருது, பல்புக்கு வராதா?"ன்னு கேட்டேன். பதில் பேசல. படிச்ச புள்ளைக இந்த எடத்துல வாயடைச்சுப் போயிருங்க.

எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, சுவிட்சப் போட்டேன். எரிஞ்சுச்சு. ஆனா வீட்டுல எரிஞ்ச மாதிரி இல்ல. மங்கலா, மஞ்சளா, வீச்சு இல்லாம எரிஞ்சுச்சு. லைட்டு தண்ணிக்கு ஒரு சாண் மேல, கவுந்து கெடக்கும். குனிஞ்சு பாத்தாலும் அடிப்பக்கம் யாருக்கும் தெரியாது. சம்மந்தி, "ஏன்யா இப்படி இருக்கு?"ன்னாரு. "புது எடம், பழகணும்"னேன்.

மூணாம் நாளு போன் பண்ணுறாரு, தண்ணி கலராயிருச்சுன்னு. ஓடுனேன். தொட்டி முழுக்க ஆரத்தி கரைச்சு வச்ச மாதிரி இருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். கல்யாண வீட்டுல ஆரத்தி தானாவே கரைஞ்சு நின்னா அதுக்கு மேல சகுனம் வேணுமா? ஆனா எப்படிக் கரைஞ்சுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. கண்ணுதான். எதுத்த வீட்டுக்காரரு அன்னிக்கு ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

அதுல ஒரு மீனு செத்துப் போச்சு. சம்மந்தி வீட்டுல அன்னிக்கு உலை வைக்கல. துட்டி வீட்டுக்குப் போறப்ப வெறுங்கையோட போலாமா தம்பி? சம்மந்தி முறைன்னா கோடித்துணி போடணும். மீனு அளவுக்கு வேட்டி கெடைக்குமா? வெள்ளைக் கைக்குட்டை ஒண்ணு வாங்கி, மஞ்சள் தடவி, ஒரு முழம் பூவோட கொண்டுபோனேன். பையன் கதவத் தொறந்து பாத்துட்டு உள்ள ஓடிட்டான். தாங்க முடியல போல, முதுகு குலுங்குச்சு. ரொம்ப எளகுன மனசு அவனுக்கு. சம்மந்தி மட்டும் கைக்குட்டைய வாங்கி, அதுலயே மூக்கச் சிந்துனாரு.

அப்புறந்தான் சொன்னாரு, தண்ணி முழுக்க மாத்தணும், கடையில விக்கிற உப்பக் கரைச்சு ஊத்தக்கூடாது, எங்க ஊருக் கடல்தண்ணிதான் வேணும், அதுவும் கரையில மோந்தது ஆகாதுன்னு. தொட்டி பழையபடி ஆகி, லைட்டும் நல்லா எரியட்டும், அப்புறம் தேதியப் பேசுவோமுன்னுட்டாரு. தூத்துக்குடியில கஸ்பார்னு ஒரு அண்ணாச்சி இருக்காரு, மீன்பிடிக்கிறவரு. வள்ளத்துல உள்ள போயி மோந்து தாராரு. நான் பஸ்ஸுல கொண்டுவாரேன். ஒரு நடைக்கு நாப்பது லிட்டரு.

கார்ல கொண்டுவரலாமேங்குறீங்களா? சம்மந்திகிட்ட காரு இருக்கு. ஆனா உப்புத்தண்ணி சிந்துனா காரு துருப்புடிச்சுரும்ல? அவரே சொன்னாரு, எவ்வளவு முன்யோசனை பாருங்க. நம்மளுது ஒரு குட்டியானை வண்டி இருக்கு, அது ஜெனரேட்டரத் தூக்கிக்கிட்டு திருவிழா திருவிழாவா அலையுது. பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்?

சம்மந்திக்கு எம்மேல அப்படி ஒரு நம்பிக்கை. வேற யாரு கொண்டுவந்தாலும் வாங்க மாட்டாரு. டைல்ஸு வழுக்குமுன்னு என்னைய வாசல்ல, செருப்பு வைக்கிற ஸ்டாண்டு பக்கத்துல உக்கார வைப்பாரு. உப்பு அளக்குற கண்ணாடிக் குழாயத் தண்ணிக்குள்ள விட்டுப் பாப்பாரு. ஒருதடவ, "இது காயல் தண்ணிய்யா, உப்பு பத்தாது"ன்னு ரெண்டு கேனையும் சாக்கடையில ஊத்தச் சொல்லிட்டாரு. எம்புட்டுக் கறாரு மனுசன்! நான் மறுநாளே திரும்பப் போயி மோந்துட்டு வந்தேன். மொதல்ல "சம்மந்தி வாங்க"ம்பாரு. அப்புறம் "சோணைமுத்து"ன்னாரு. இப்ப "யோவ், தண்ணி"ங்குறாரு. அம்புட்டு உரிமை ஆயிருச்சு. பையனும் அப்படித்தான், நான் கேனத் தூக்கிட்டு உள்ள போறப்ப செல்போன்ல இருந்து கண்ண எடுக்காமலே கால மடக்கி வழி விடுவான். இந்தக் காலத்துல எந்தப் பையன் கால மடக்குறான்?

லைட்டு மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கிட்டே வந்துச்சு. வயரப் பாத்தேன், நல்லா இருக்கு. இன்னொரு ஃபேன மாட்டுனேன், ம்ஹும். நம்ம கையில இருக்குறது பக்தி ஒண்ணுதானே? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போயி, கையக் கீழ விட்டுத் தடவி, பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு வச்சுட்டு வருவேன். பாப்பா தலையில அடிச்சுக்கிடும். "நான் ஒரு அஞ்சு நிமிசம் போயிப் பாத்துட்டு வாரேம்ப்பா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நிச்சயமாகாத பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படி ஏறலாமா? ஊரு என்ன பேசும்? கூடாதுன்னுட்டேன். "சரி, பையன உனக்குப் பிடிச்சிருக்குல்ல?"ன்னு ஒருதடவ கேட்டேன். "நீங்க கேனத் தூக்கிட்டு வரும்போது அவரு என்ன பண்ணுவாரு?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. கால மடக்குவாரு ஆத்தான்னேன். அதோட எந்திரிச்சுப் போயிருச்சு. வெக்கம்.

எட்டயபுரம் தாண்டிருச்சா? இருங்க தம்பி, பாப்பாதான் கூப்புடுது.

சொல்லு ஆத்தா. பஸ்ஸுலதான். ஆமா, ரெண்டு கேனும் நெறைய. எங்க இருக்க? யாரு வீட்டுக்கு? அங்க எதுக்குப் போன? யாரக் கேட்டுப் போன நீ? என்னது? எத வச்சுத் தொடச்ச? நாப்பத்தெட்டையுமா? ம். ம். நெசமாவா? அவரு வாயாலயா சொன்னாரு? ம். அப்புறம்? ஆத்தா, நில்லு, மறுபடி சொல்லு. ம். சரி. இல்ல, வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நீ எப்பப் பாத்த? சரி. சரி ஆத்தா. சோறு இருக்கட்டும், நீ சாப்புட்டியா? சரி, வை.

தம்பி, அந்தத் தண்ணி பாட்டில இங்கிட்டுக் குடுங்க. உங்க பாட்டிலு. நம்ம தண்ணியக் குடிக்க முடியாதுல்ல.

பாப்பா கம்பெனிக்கு லீவு போட்டுட்டு சம்மந்தி வீட்டுக்குப் போயிருக்கு. பஞ்சு, ஸ்பிரிட்டு எல்லாம் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. ஸ்டூலு போட்டு ஏறி, லைட்டக் கழட்டித் திருப்பிக் காட்டிருக்கு. சம்மந்தி பதறிட்டாராம், "பொட்ட அழிக்காதம்மா, அமங்கலம்"னு. இது காதுலயே வாங்கல. நாப்பத்தெட்டையும் ஒண்ணொண்ணாத் தொடச்சு, மறுபடி மாட்டி, சுவிட்சப் போட்டுருக்கு.

எரிஞ்சுச்சாம் தம்பி! வீடே நீலமாயி, மேல சீலிங்குல அலை அடிச்சுச்சாம். சுருங்கிக் கெடந்த பவளம் கொஞ்ச நேரத்துல மெல்ல மெல்ல விரிஞ்சு, மிச்சமிருக்குற ஒத்த மீனு அதச் சுத்திச் சுத்தி வந்துச்சாம். பாத்தீங்களா? இன்னிக்கோட மண்டலம் நாப்பத்தெட்டு நாளு முடியிது. பொட்டோட சக்தியெல்லாம் பல்புக்குள்ள எறங்குன பெறகுதான் தொடச்சிருக்கு. முன்னாடியே தொடச்சிருந்தா எரிஞ்சிருக்குமா? கணக்கு, எல்லாம் கணக்கு.

சம்மந்தி சின்னப்புள்ளை மாதிரி கையத் தட்டுனாராம். "நாளைக்கே தேதி குறிப்போம்மா"ன்னாராம். ஆமா தம்பி, சொல்லிட்டாரு. கல்யாணம் கூடிருச்சு.

பாப்பா அவரக் கேட்டுச்சாம், "இந்த மாதிரி லைட்டு வெளிநாட்டுல இருக்கா மாமா?"ன்னு. இல்லன்னாராம். "இதச் செஞ்சது யாரு?"ன்னு கேட்டுச்சாம். அதுவே பதிலும் சொல்லுச்சாம். "எங்கப்பா. இதச் செஞ்சவரத்தான் நீங்க ஒன்றரை மாசமாச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்கார வச்சீங்க. உங்க புள்ளை ஒருநாளாச்சும் ஒரு கேனக் கையில வாங்குனாரா? எனக்கு இந்த எடம் வேணாம்"னு சொல்லிட்டு, பிளக்கப் புடுங்கி, நாலு நெட்டையும் கழட்டி, லைட்டத் தூக்கி ஆட்டோவுல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்துருச்சாம்.

எங்கப்பா செஞ்சதுன்னு சொல்லிருக்கு. கணக்குப் போட்டது அது, பத்தவச்சது அது. நான் நாலு நெட்டு முடுக்குனேன் தம்பி, உங்ககிட்டச் சொன்னேன்ல, நாலே நாலு நெட்டு. அதுக்குப் போயி அப்படிச் சொல்லிருக்கு.

எனக்குத் தோளு ரெண்டும் தோலுரிஞ்சு போயிருக்கு. யாருகிட்டயும் காட்டல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பனியனக் கழட்டிப்போட்டு அசந்துட்டேன், அப்பப் பாத்திருக்கு. அத நெனச்சுத்தான் மூணு நாளா எங்கூடச் சரியாப் பேசல. நான் கல்யாணக் கவலைன்னு நெனச்சேன். எனக்கு அழுகை வருது தம்பி, நீங்க ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க.

அவங்க எப்பவும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க. எங்க சனத்துல பொண்ணு வீட்டுக்காரன் பேசி வச்சிருக்குறது ரெண்டே வார்த்தைதான்: "சரிங்க", "ஆகட்டுங்க". அறுபத்தோரு வருசத்துல அதத் தவிர வேற எதுவும் எங்க வாயில வந்து நான் கேட்டதில்ல. எங்கக்காவுக்குப் பேசுனப்பயும் அதான், எந்தங்கச்சிக்குப் பேசுனப்பயும் அதான்.

வேணாம்னுட்டோம். நாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க.

வாய்க்கு எப்படி இருக்கு தெரியுமா, இதச் சொல்லிப் பாக்க? நீங்க அந்த இன்னொரு காதையும் கழட்டுங்க தம்பி. கண்டக்டரே, இங்கிட்டு வாங்க, நீங்களும் கேளுங்க. எங்க வீட்டுப் பொண்ணு வேணாம்னு சொல்லிருச்சு.